எரிச்சல் வேறு, முண்டு வேறு: ஒரு கழுத்தின் ஒன்பது மாதம்

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் ஒரு சின்ன மருந்துக்கடை வைத்திருக்கிறேன். டி.பார்ம் படித்தவன், டாக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரும், ஷேவ் செய்ததால் கழுத்தில் முண்டு வந்த கேஸில் நோயைச் சரியாகப் பிடித்தது ராமநாதபுரம் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் இருந்த டாக்டரம்மா. என் பங்கு என்று பார்த்தால், கெடுத்ததில் பாதி என்னுடையது, அப்புறம் கணக்கெடுத்தது முழுக்க என்னுடையது.

ஆளுக்கு 26 வயது. "எழுதுங்கண்ணே, பேரு மட்டும் வேணாம்" என்றான், அதனால் தம்பி என்றே எழுதுகிறேன். பதினெட்டு வயதிலிருந்து விசைப்படகில் கூலிக்குப் போனவன். இங்கே வருஷா வருஷம் ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம்; படகு கரையில் நிற்கும், ஆட்கள் வலை சீர் பார்ப்பார்கள், சிலர் கேரளாப் பக்கம் கூலிக்குக் கிளம்புவார்கள். போன வருஷம் தம்பி ராமேஸ்வரத்தில் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பு மேசை வேலைக்குப் போய்ச் சேர்ந்தான். நிழலில் வேலை, சம்பளமும் பரவாயில்லை, ஆனால் தினமும் மழமழவென்று ஷேவ் செய்த முகத்தோடு நிற்க வேண்டும். படகில் இருந்தவரை கத்தரியால் தாடியைக் குறைத்துக்கொண்டு திரிந்தவன் அவன், பிளேடு அவன் கழுத்தைத் தொட்டது திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும்தான். அந்த எட்டு வருஷத்தில் கழுத்தில் ஒன்றுமே வந்ததில்லை. இந்த ஒரு விஷயத்தை நான் ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால் மீதிக் கதையே நடந்திருக்காது.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவன் காலை வழக்கத்தைக் கேளுங்கள். 5 மணிக்கு எழுந்திருப்பான். போர் தண்ணியை முகத்தில் தெளித்துக்கொண்டு, குளிக்கிற சோப்பையே தாடையில் தேய்ப்பான் (நுரை வராது, வழவழவென்று ஒரு பிசுக்கு வரும், அவ்வளவுதான்), மூன்று பிளேடு ரேசரால் முதலில் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, பிறகு இடது கையால் கழுத்துத் தோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழிருந்து மேலே இன்னொரு இழுப்பு, எங்காவது சொரசொரவென்று இருந்தால் அங்கே இன்னும் இரண்டு. ரேசர் தலை விலை அதிகம் என்று ஒன்றை ஒரு மாதம் ஓட்டினான். முடிந்ததும் படிகாரம், அதற்கு மேல் ஸ்பிரிட் நெடி அடிக்கிற ஆஃப்டர்ஷேவ். அதற்கும் மேல் விறைப்பான யூனிஃபார்ம் காலர். அப்புறம் பாம்பன் பாலம் தாண்டும் வரை பஸ் ஜன்னலில் உப்புக்காற்று.

முதல் நாளே எரிந்தது. எல்லோருக்கும் எரிவதுதானே என்று விட்டுவிட்டான். பத்து நாள் போனபிறகு தாடைக்குக் கீழே, குரல்வளைக்கு இரண்டு பக்கமும், முண்டு முண்டாகக் கிளம்பியது. சில முண்டின் தலையில் வெள்ளையாகச் சீழ். தொட்டால் வலி, காலர் உரசினால் அதைவிட வலி. அவன் அம்மா சூட்டுக் கொப்புளம் என்று முடிவுகட்டி இறால், நண்டு, கருவாடு மூன்றையும் நிறுத்தினார். கடற்கரைக்காரனுக்கு இது தண்டனை, வைத்தியம் இல்லை. சந்தனம் பூசினார்கள், எலுமிச்சை தேய்த்தார்கள் (எலுமிச்சையை மட்டும் ஷேவ் செய்த தோலில் யாரும் தேய்க்காதீர்கள், புண்ணாகும், வெயில் பட்டால் கறுக்கவும் செய்யும்).

ஜூன் முதல் வாரத்தில் என் கடைக்கு வந்தான். நான் இல்லை. கடைப்பையன் "ஷேவிங் அலர்ஜி" என்ற சொல்லைக் கேட்டதும், இந்த ஊரில் படை, அரிப்பு, சேற்றுப்புண் எல்லாவற்றுக்கும் எல்லாக் கடைகளிலும் எடுத்து நீட்டுகிற அந்த மூன்று மருந்து கலந்த க்ரீமை எடுத்துக் கொடுத்துவிட்டான். பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, அப்புறம் வீரியமான ஸ்டீராய்டு ஒன்று. தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை 2018இலேயே ஷெட்யூல் எச் என்ற மருந்துப் பட்டியலுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள், டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. பையனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, ஏனென்றால் அவனுக்கு அப்படிக் கொடுக்கப் பழக்கியதே நான்தான்.

க்ரீம் வேலை செய்தது, அதுதான் இதில் கொடுமையே. மூன்றாம் நாள் சிவப்பு இறங்கியது, அரிப்பு நின்றது. தம்பி சந்தோஷமாக மறுபடி எதிர்வாட்டத்தில், அதாவது முடி வளரும் திசைக்கு எதிராக, வழித்தான். நிறுத்தினால் இரண்டே நாளில் திரும்ப வந்தது, ஆகவே நிறுத்தவில்லை. ஏழு வாரத்தில் நாலு ட்யூப்.

ஜூலை கடைசியில் ஒருநாள் மதியம் கடைக்கு வந்து காலர் பட்டனைக் கழற்றிக் காட்டினான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தாடைக்குக் கீழே எண்ணினேன், வலது பக்கம் 23, இடது பக்கம் 19. நடுநடுவே பழைய முண்டுகள் விட்டுப்போன கறுப்புத் தடம். இவ்வளவும் போதாதென்று கன்னம் வரைக்கும் தோல் மெலிந்து, பளபளவென்று சிவந்து, வெயிலில் இரண்டு நிமிஷம் நின்றால் தீயாய் எரிகிறது என்றான். முண்டு ஷேவிங்கால் வந்தது, இந்தச் சிவப்பு க்ரீமால் வந்தது என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது உப்புத்தண்ணி.

இங்கே எல்லாப் பழியும் தண்ணீர் மேல்தான் விழும். முடி கொட்டினால் போர் தண்ணி, பல் கறை பிடித்தால் போர் தண்ணி, பொண்ணுக்கு வரன் தள்ளிப்போனால்கூடப் போர் தண்ணியைச் சொல்வோம். வாட்டர் ஃபில்டர் விற்கிறவர் விட்டுப்போன டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கிற கருவி) எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்கே போனேன். போர் தண்ணி 2800 காட்டியது, குடத்தில் பிடித்து வைத்திருந்த காவிரித் தண்ணி 410. குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 2000. "பாத்தியா, இதுதான்" என்று சொல்லிவிட்டுப் பெருமையாக வந்தேன். அவன் அடுத்த நாளிலிருந்து காவிரித் தண்ணியில் ஷேவ் செய்ய ஆரம்பித்தான், அவன் அம்மா "குடிக்கிற தண்ணில தாடி வழிக்கச் சொன்னது அந்த மருந்துக்கடைக்காரனா" என்று ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எரிச்சல் பாதியாகக் குறைந்தது. முண்டு ஒன்றுகூடக் குறையவில்லை.

அதன்பிறகுதான் ராமநாதபுரம் கூட்டிப்போனேன். டாக்டரம்மா கழுத்தைப் பார்க்கும் முன்னால் கேள்வி கேட்டார். எப்போதிலிருந்து ஷேவ், எத்தனை பிளேடு, எந்தப் பக்கமாக, ஷேவ் செய்து எத்தனை நாள் கழித்து முண்டு வருகிறது, மூன்று நாள் ஷேவ் செய்யாமல் இருந்தால் என்ன ஆகிறது. கடைசிக் கேள்விக்கு தம்பி, "ஒருவாட்டி காய்ச்சல்ல அஞ்சு நாளு படுத்துட்டேன் டாக்டர், அப்ப கொறஞ்சுச்சு" என்றான். என்னிடம் இதை அவன் சொல்லவே இல்லை, நான் கேட்கவும் இல்லை. பிறகு தோலைக் கொஞ்சம் சுரண்டி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள், பூஞ்சை இல்லை. தாடியிலும் படை வரும், அது ஸ்டீராய்டு பூசினால் உருமாறி வேறு ஏதோ போலத் தெரியும், அதனால் இந்தச் சோதனை அவசியமாம். பெரிய லென்ஸ் வைத்த கருவியை முண்டின் மேல் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். முண்டுக்குள் கறுப்பாக ஒரு வளையம், முடிதான், வெளியே வந்து வளைந்து மறுபடி தோலுக்குள் போயிருந்தது.

நோயின் பெயர் சூடோஃபாலிகுலைடிஸ் பார்பே. தமிழில் உள்குத்திய தாடிமுடி என்று வைத்துக்கொள்ளலாம். தூண்டில் முள்ளை நினைத்துக்கொண்டால் போதும், எங்கள் ஊர் ஆட்களுக்கு இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது. சுருள் முடி வளரும்போதே வளைந்து வளரும். பிளேடு அதைச் சரிவாகச் சீவி நுனியைக் கூராக்கி விடுகிறது. அந்தக் கூர் இரண்டு வழியில் உள்ளே போகும். வெளியே வந்து வளைந்து பக்கத்துத் தோலைக் குத்துவது ஒரு வழி. இன்னொன்று, தோலை இறுக்கிப் பிடித்தோ, பல பிளேடு ரேசராலோ, எதிர்வாட்டத்தில் இழுத்தோ வழிக்கும்போது முடி வெட்டுப்பட்டு தோலுக்குக் கீழே பின்வாங்கிவிடுகிறது, வளரும்போது வெளியே வரும் வழியைத் தேடாமல் உள்ளேயே பக்கச்சுவரைக் குத்துகிறது. பல பிளேடு ரேசர்கள் அதற்காகவே செய்யப்பட்டவை, முதல் பிளேடு முடியை இழுத்துத் தூக்கும், அடுத்தது வெட்டும். நேர்முடிக்காரர்களுக்கு அது மழமழப்பு, தம்பி மாதிரிச் சுருள்முடிக்காரர்களுக்கு வினை. உடம்பு அந்த முடியை முள் தைத்த மாதிரி நினைத்துச் சண்டை போடுகிறது, அந்தச் சண்டைதான் முண்டு. சீழ் இருந்தாலும் பெரும்பாலும் கிருமி முதல் காரணம் இல்லை, பின்னால் வந்து சேரலாம்.

இங்கேதான் என் தண்ணீர்க் கதை உடைந்தது. ஷேவ் முடித்த சில நிமிஷத்தில் தொடங்கி ஒரு நாளில் அடங்குகிற எரிச்சல், சிவப்பு, இறுக்கம், இது மேல்தோல் சிராய்ப்பு. காய்ந்த தோல், மழுங்கிய பிளேடு, சோப்புப் பிசுக்கு, ஸ்பிரிட் எல்லாம் சேர்ந்து செய்வது. கடினத் தண்ணியில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் நுரைக்குப் பதில் கரையாத அழுக்குத்திரிதான் கிடைக்கும், வழுக்கலே இல்லாமல் பிளேடு ஓடும், ஆகவே தண்ணீருக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் இரண்டு மூன்று நாள் கழித்துக் கிளம்பி வாரக்கணக்கில் நிற்கிற முண்டு வேறு சங்கதி. அது எவ்வளவு ஒட்ட வழித்தோம் என்பதைப் பொறுத்தது. நாங்கள் இரண்டையும் ஒரே பெயரில் "ஷேவிங் அலர்ஜி" என்று கூப்பிட்டதால், ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குப் பூசிக்கொண்டிருந்தோம். இரண்டுமே அலர்ஜி இல்லை.

வைத்தியம் எழுதியது எளிது, செய்தது கஷ்டம். முதல் வரி, நாலு வாரம் பிளேடு தொடக் கூடாது. தாடி முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும், அந்த நீளம் வந்தால் உள்ளே மாட்டியிருக்கும் நுனிகள் வில்லாய் விரிந்து தானாக வெளியே வந்துவிடும். வராத வளையத்தைச் சுத்தமான ஊசிமுனையால் தூக்கி மட்டும் விட வேண்டும், பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் அடுத்த முடி முளைக்கும்போது மறுபடி உள்ளேயே குத்தலாம். மூன்று மருந்து க்ரீம் அன்றோடு நிறுத்தம், பதிலுக்குச் சில நாளைக்கு மட்டும் வீரியம் குறைந்த ஹைட்ரோகார்டிசோன் 1 சதவீதம். காலையில் பென்சாயில் பெராக்சைடும் க்ளிண்டாமைசினும் கலந்த ஜெல். சிவப்பு அடங்கியபின் ராத்திரியில் அடாபலீன் (பருவுக்குப் பூசுகிற மருந்து). பகலில் சன்ஸ்கிரீன்.

இதில் மேனேஜர் எங்கே சம்மதிப்பார்? ஆடி அமாவாசை நெருக்கம். அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடமிருக்காது, விடுதியில் ஒரு அறை காலியிருக்காது, அந்த நேரத்தில் முன்மேசையில் தாடியோடு ஒருவன். மருத்துவச் சான்றிதழைக் காட்டியும் "அமாவாசை முடியட்டும் தம்பி" என்றுதான் சொன்னார். அதன்படியே அமாவாசை முடிந்ததும் ஒரு மாதம் ஸ்டோர் ரூம் கணக்குக்கு மாற்றிக்கொடுத்தார், மனுஷர் மோசமில்லை. அமெரிக்காவில் ஒரு பீட்சா கம்பெனியின் தாடி கூடாது விதி நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. இதே நோயைக் காரணம் காட்டித்தான் அந்த விதி கறுப்பின ஆண்களை அதிகம் பாதிக்கிறது என்று 1993இல் மேல்முறையீட்டில் தீர்ப்பானது. நான் மேனேஜரிடம் இதைச் சொல்லவில்லை. ராமேஸ்வரத்தில் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

பிளேடு நிறுத்திய இரண்டாவது வாரம்தான் ரொம்ப மோசம். ஸ்டீராய்டு விட்டதும் கன்னம் தக்காளியாய்ச் சிவந்து எரிந்தது, முண்டும் அரித்தது. "அண்ணே, பழைய க்ரீம் ஒரே ஒருநாள்" என்று கடைவாசலில் நின்று கெஞ்சினான். இந்த நிலையில்தான் பெரும்பாலானவர்கள் தோற்றுப்போகிறார்கள், க்ரீமை நிறுத்தினால் கூடுகிறது, ஆகவே க்ரீம்தான் மருந்து என்று நினைத்துவிடுகிறார்கள். டாக்டரம்மா இதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால் சமாளித்தோம். குளிர்ந்த ஈரத்துணி, வாசனை இல்லாத மாய்ஸ்ச்சரைசர், அவ்வளவுதான் கொடுத்தேன். சின்னச் சேதம் ஒன்று: பென்சாயில் பெராக்சைடு துணிச்சாயத்தை வெளுக்கும், நீல யூனிஃபார்மின் காலர் இரண்டும் செம்பட்டையாகிவிட்டன. மேனேஜர் தாடியைவிட அதற்குத்தான் அதிகம் வருத்தப்பட்டார்.

நாலு வாரம் முடிவில் எண்ணினேன். வலது 6, இடது 4.

இப்போது எனக்குக் கொஞ்சம் வீம்பு. தண்ணீருக்குப் பங்கே இல்லையா என்று பார்த்துவிட வேண்டும். டாக்டரம்மாவிடம் கேட்டு, மூன்று நாளைக்கு ஒருமுறை ஒற்றைப் பிளேடு ரேசரால், வாட்டத்தோடு மட்டும், ஒரே இழுப்பாக வழிக்க ஆரம்பித்தான். வலது பக்கத்துக்கு ஒரு செம்பு காவிரித் தண்ணி, இடது பக்கத்துக்குப் போர் தண்ணி. மூன்று வாரம். இடது பக்கம் ஷேவ் முடிந்ததும் இறுக்கிப் பிடித்தது, வறண்டு செதில் விட்டது. முண்டு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான், நாலு, மூன்று, அந்த அளவில். அப்புறம் நான் திட்டமிடாத இன்னொரு சோதனை நடந்தது. அவன் சித்தப்பா மகன் கல்யாணம், மாப்பிள்ளைத் தோழன் இவன். தங்கச்சிமடத்தில் ஒரு சலூனில் உட்கார்ந்ததும் சலூன்கார அண்ணன் ஆசையாய் இரண்டு தடவை, இரண்டாவது ரிவர்ஸில், கண்ணாடி மாதிரி வழித்துவிட்டார். புதுப் பிளேடு, நல்ல க்ரீம் நுரை, பாட்டில் தண்ணி, எதிலும் குறை இல்லை. அன்றைக்கு எரியக்கூட இல்லையாம். நாலாம் நாள் இரண்டு பக்கமும் சேர்த்து 17 முண்டு.

ஒரே ஒரு கழுத்தை வைத்து ஊருக்குச் சட்டம் போட முடியாதுதான். ஆனாலும் நிறுத்தினால் போய், ஒட்ட வழித்தால் திரும்பி வந்து, மறுபடி நிறுத்தினால் மறுபடி போனது, இதற்கு மேல் எனக்குச் சாட்சி வேண்டியதில்லை.

இப்போது அவன் செய்வதைச் சொல்கிறேன், சுருள்முடிக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான நாள் ட்ரிம்மர், ஒரு மில்லிமீட்டர் விட்டு, தோலில் அழுத்தாமல். மேனேஜர் தூரத்தில் பார்த்தால் ஷேவ் செய்த மாதிரிதான் இருக்கிறது, அவரும் கிட்ட வந்து பார்ப்பதில்லை. பிளேடு எடுக்கிற நாளில் குளித்து முடிக்கிற நேரத்தில்தான் எடுப்பான், வெதுவெதுப்பான ஈரத்துணியைத் தாடையில் இரண்டு மூன்று நிமிஷம் வைத்து முடியை ஊறவிடுவான், காய்ந்த முடி கம்பி மாதிரி, ஊறினால்தான் பிளேடுக்கு இணங்கும். சோப்புக் கிடையாது, ஷேவிங் க்ரீம். வாட்டம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள், கழுத்தில் அது ஒரே திசையில் இருக்காது. மூன்று நாள் வளரவிட்டு விரலால் தடவிப் பார்த்தோம், தம்பிக்கு வலது பக்கம் நேர்கீழே, இடது பக்கம் காதுப் பக்கமாகச் சாய்ந்து, குரல்வளைக்குக் கீழே மேல்நோக்கி. இவ்வளவு நாளும் மேலிருந்து கீழே என்று அவன் நினைத்து இழுத்த முதல் இழுப்பே பாதிக் கழுத்தில் எதிர்வாட்டம். தோலை இழுத்துப் பிடிப்பதில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேடை அலசுவான், நாலைந்து ஷேவுக்கு ஒரு பிளேடு. முடிந்ததும் பச்சைத்தண்ணி, மாய்ஸ்ச்சரைசர்.

படிகாரத்தைப் பற்றிக் கேட்பீர்கள். ரத்தத்தை நிறுத்தும், தோலைச் சுருக்கும், முண்டுக்கு அது காரணமும் இல்லை மருந்தும் இல்லை. வறண்ட தோலில் தினமும் தேய்த்தால் எரிச்சலைக் கூட்டும். எனக்குப் பயம் வேறு: சலூனில் ஒரே கட்டி பத்துக் கழுத்தில் புரளுகிறது. ரத்தம் வழியாகப் பரவி கல்லீரலைத் தாக்குகிற ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். பிளேடைக் கண்முன்னால் மாற்றச் சொல்கிற நாம் கட்டியை மறந்துவிடுகிறோம்.

முடி நீக்கும் க்ரீம் பற்றியும் கேட்டான். அது முடியைக் கூராக வெட்டாமல் கரைப்பதால் சிலருக்கு உதவும், ஆனால் முகத்துக்கென்று எழுதியிருப்பது மட்டும்தான், அதுவும் சும்மா சும்மா போட்டால் தோலே வெந்துவிடும். இவன் ஸ்டீராய்டில் மெலிந்த தோலோடு இருந்ததால் டாக்டரம்மா வேண்டாம் என்றார். ஒரேயடியாகத் தீர வேண்டுமென்றால் லேசர். நம் மாதிரிக் கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் என்டி யாக் வகை என்று கேட்டு வாங்க வேண்டும், வேறு வகையில் தோல் சுட்டுத் தடம் விழ வாய்ப்பு அதிகம். அதற்கு மதுரை வரை போக வேண்டும், காசும் ஆகும், இப்போதைக்கு யோசிக்கவில்லை. முண்டு பெருத்துத் தழும்பு தடித்துக்கொண்டே போனாலோ, வட்டமாகப் படர்ந்து ஓரம் செதில் விட்டாலோ, சீழோடு காய்ச்சல் வந்தாலோ இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

கடையில் அந்த மூன்று மருந்து க்ரீமை பின்னறை அலமாரிக்கு மாற்றிவிட்டேன், சீட்டு இருந்தால்தான் வெளியே வரும். மாதத்தில் ஏழெட்டுப் பேராவது முறைத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

கடைசியாக எண்ணியது தை முதல் வாரத்தில். கறுப்புத் தடங்கள் மங்கியிருக்கின்றன, முழுதாகப் போக இன்னும் மாதங்கள் ஆகும். கன்னத்துச் சிவப்பு போய்விட்டது. முண்டு மொத்தம் 5, ஐந்துமே தாடைக்குக் கீழே இடது பக்கம், ஐந்துமே புதுசு. என்னடா என்றேன்.

"பொங்கலுக்கு ஒரு வாட்டி மட்டுந்தாண்ணே," என்றான், காலரை ஏற்றிவிட்டுக்கொண்டே.